யோருன் மறைத்த பெருவிரல்

என் கணவரின் தம்பி ஐலிஃபைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தீவிலிருந்து எங்கள் தீவுக்கு வந்தவள் யோருன். முறைக்கு ஓரகத்தி. ஆனால் எங்களுக்குள் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்ததற்குக் காரணம் மீன் கூடம். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று, இத்தனை வருஷமாகக் காட் மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறோம். ஈரல் ஒரு தொட்டிக்கு, சினை இன்னொரு தொட்டிக்கு. அவள் கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம்.

"என்ன சீவெர்ட், ராத்திரி உன் பொண்டாட்டி உன்ன வெளியவே படுக்க வச்சுட்டாளா? மூஞ்சில இன்னும் பனி உருகல" என்று மேற்பார்வைக்காரனைப் பார்த்துக் கத்துவாள். சீவெர்ட் முறைத்துக்கொண்டு போவான். கூடம் முழுக்கச் சிரிக்கும். அவள் வராத நாளில் கூடத்தில் தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அந்த வருஷம் மீன் சீக்கிரமே வந்துவிட்டது. கப்பல் கப்பலாக இறங்கியது. அதே வாரத்தில்தான் கூடத்தில் எல்லோருக்கும் புது ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். யோருன்னுக்கு வந்த ஜோடி முன்பக்கம் குறுகல். மாற்றிக்கொள் என்றேன். "கால் போட்டா தானா விரியும்" என்றாள். நாள் முழுக்க ஈரத்தில், குறுகலான பூட்ஸுக்குள் ஊறிக் கிடந்த வலது காலின் பெருவிரல் ஓரத்தில் வலி ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்குப் போய், நகத்தின் மூலையைக் கத்தரியால் உள்ளே வரை ஒட்ட வெட்டிவிட்டாள். வலி போய்விட்டது. நல்ல வேலை செய்தோம் என்று நினைத்தாளாம்.

சில நாளில் வலி திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. மறுபடியும் வெட்டினாள். இன்னும் ஆழமாக.

நான் கவனித்தது, அவள் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தபோது. இடது காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, வலது குதிகாலை ஒரு காலிப் பெட்டியின் விளிம்பில் வைத்திருந்தாள்.

"என்னடி ஆச்சு காலுக்கு?"

"பூட்ஸ் கடிக்குது. நீ உன் மீனப் பாரு."

அதற்கு மேல் கேட்டால் கத்தியை என் பக்கம் நீட்டுவாள் என்பது போல ஒரு முகம். விட்டுவிட்டேன். கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே அவள் நடப்பதையே நிறுத்தினாள். பனியில் ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, மறு காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போகிற சறுக்கு நாற்காலியில்தான் போனாள், வந்தாள். அதுவும் வலது குதிகாலை மட்டும் ஊன்றி, இடது காலால் உதைத்து. வாயும் குறைந்தது. சீவெர்ட் அவள் பக்கத்தில் வந்து ஒரு வசவுக்காகக் காத்து நின்றுவிட்டு, ஏமாந்து போனதைப் பார்த்தேன்.

அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்பவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

யோருன்னின் அப்பா பெடர் மீன்பிடிக்காரர். சர்க்கரை வியாதி இருந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த வயதில், அவர் கால்விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலை எடுத்தார்கள். இத்தோடு முடிந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த முறை பாதம் போனது. அதற்கடுத்த முறை முழங்காலுக்குக் கீழே எல்லாம். ஒவ்வொரு முறையும் இத்தோடு முடிந்தது என்றுதான் சொன்னார்கள். படகில் ஏற முடியாத மனுஷன் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அந்தப் பெண்ணின் மனதில் அன்றைக்கு விழுந்தது இதுதான்: விரலைக் காட்டினால் காலை எடுத்துவிடுவார்கள். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஐலிஃபிடம்கூட. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மாமனார் ஏதோ வியாதியில் செத்தார் என்பது மட்டும்.

ஆகவே அவள் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். மீன் அரியும் கத்தியின் நுனியை அடுப்பில் காட்டி, விரல் ஓரத்தைக் குத்திக் கிளறினாள். மேலே சாராயத்தை ஊற்றினாள். நகம் வெட்டுப்பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் உள்ளே நின்றுவிட்டது. நகம் வளர வளர அந்த முள் சதைக்குள் இறங்கியது. சதை சிவந்து, ராஸ்பெர்ரிப் பழம்போலப் பொங்கி நகத்தின் மேலேயே ஏறிக்கொண்டது. சாயங்காலம் காலுறை சீழோடு ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உரிப்பாள். நாற்றம் வேறு. மீன் கூடத்தில் வேலை செய்கிறவளிடம் எந்த நாற்றத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வீட்டில்தான் மறைக்க முடியவில்லை. போர்வையின் பாரம்கூட அந்த விரலுக்குத் தாங்கவில்லை. ஐலிஃப் தூக்கத்தில் காலைத் தூக்கிப் போடுகிற ஆள். கடலில் நாலைந்து நாள் கிடந்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்தான் என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். முன்னறைச் சோபாவில் படுக்க ஆரம்பித்தாள். அவன் நெருங்கினால் எழுந்து போனாள். அவன் முன்னால் வெறுங்காலோடு நிற்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஐலிஃப் பேச்சுக் குறைந்தவன். எதையும் உடனே கேட்க மாட்டான். உள்ளே போட்டுப் புழுங்குவான். ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டான்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப ஏன் என்னைக் கண்டாலே ஒதுங்குற? நாய் மேல பட்ட மாதிரி விலகுற."

அவள் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். 

"வேற யாராவது இருக்கானா, யோருன்?"

அந்த நேரத்தில் தனக்கு முன்னால் இரண்டே வழிதான் தெரிந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். காலுறையைக் கழற்றிக் காட்டுவது ஒன்று. காட்டினால் அவன் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய்விடுவான். இன்னொன்று, அவன் நினைக்கிறதையே நினைக்க விடுவது.

"ஆமான்னே வச்சுக்கோ" என்றாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். மாற்றுத்துணியை ஒரு சாக்குப் பையில் திணித்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனான். அன்றிலிருந்து தன் படகின் சின்ன அறையிலேயே சமைத்து, அங்கேயே படுத்தான்.

எங்கள் மாதிரி சின்ன ஊரில் இது ஒளிந்திருக்குமா? மறுநாள் காபி நேரத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆள் யார் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். சீவெர்ட் பெயர்கூட அடிபட்டது. அவன் மனைவி யோருன்னைப் பார்த்துத் தெருவின் மறுபக்கம் போனாள். என் கணவர் வீட்டில் அவள் பெயரை எடுக்கவிடவில்லை. யோருன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பற்களை இறுக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று மீன் கிழித்தாள். என்னிடம்கூட மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

புயல் வந்து படகுகள் எல்லாம் துறையிலேயே கட்டிக்கிடந்த ஒரு நாள், கூடத்துக்கு விடுமுறை. அந்த ஆள் யார் என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவதென்று அவள் வீட்டுக்குப் போனேன். வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. பின்னால் படகுக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம். வலையில் மாட்டிக்கொண்ட நீர்நாய் அப்படித்தான் முனகும். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தோளால் மோதினேன். தாழ் பெயர்ந்து வந்தது.

கவிழ்த்துப் போட்ட மீன்தொட்டியின் மேல் யோருன் உட்கார்ந்திருந்தாள். பற்களுக்கிடையில் தோல் வார். கையில் ஐலிஃபின் குறடு. வலது கால் ஒரு வாளியின் விளிம்பில். விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. பாதத்தின் மேல்பக்கம் முழுக்கச் சிவந்து, கணுக்காலைப் பார்த்து ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்து உடம்பு நடுங்கியது.

வாரைத் துப்பினாள். "கதவச் சாத்து. காத்தடிக்குது."

"யோருன்! என்ன பண்ணிட்டு இருக்க?"

"நகம் உள்ள இறங்கிடுச்சு. பிடுங்கிட்டா சரியாப் போயிடும். பாதி வந்துருச்சு. நீ காலை அமுக்கிப் புடிச்சுக்கோ, நான் இழுக்குறேன்."

"உனக்குப் பைத்தியமா? டாக்டர்ட்ட போகலாம், எந்திரி."

"டாக்டர்னு சொன்ன, இந்தக் குறடாலயே அடிப்பேன்." காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "முதல்ல விரல் போகும். அப்புறம் பாதம். அப்புறம் முட்டி. நான் பார்த்திருக்கேன் தூர்டிஸ். எங்கப்பாவ மூணு துண்டா அனுப்புனாங்க."

அங்கேதான், அந்தக் கொட்டகையில்தான், பெடரின் கதை முழுவதையும் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். சொல்லும்போதும் குறடை விடவில்லை.

"அப்ப அந்த இன்னொரு ஆளு?"

"எந்த ஆளு? எனக்கு நிக்கவே முடியல. இதுல ஆளு வேறயா?"

"அடிப் பாவி. இதுக்காகவா ஐலிஃப அனுப்பிட்ட?"

"அவன் திரும்பி வந்தாலும் வருவான். கால் வராது."

என் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு, எதிர்க்கரையில் இருக்கும் மருத்துவ நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ், காய்ச்சலும் சிவப்புக் கோடும் என்றதும் உடனே கொண்டுவாருங்கள் என்றாள். எப்படிக் கொண்டுபோவது? புயலுக்காகப் பயணிகள் கப்பலை நிறுத்திவிட்டார்கள். மருத்துவப் படகு ஒரு பிரசவக்காரியை ஏற்றிக்கொண்டு நகரத்துப் பக்கம் போயிருந்தது. காற்று கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. படகுத்துறைக்கு ஓடினேன்.

ஐலிஃப் தன் படகின் அறையில் தூண்டில் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"படகை எடு ஐலிஃப். அந்தக் கரைக்குப் போகணும்."

"யாருக்கு?"

"உன் பொண்டாட்டிக்கு."

"ஏன், அவ ஆளுகிட்ட படகு இல்லயா?"

"அவ ஆளு யாருன்னு தெரியுமா உனக்கு? அவ கால் பெருவிரல். நகம் சதைக்குள்ள இறங்கி அழுகிப் போய்க் கிடக்கு. உன்கிட்ட சொன்னா டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போயிடுவியோன்னு பயந்து மறைச்சிருக்கா."

அவன் என்னையே பார்த்தான். "நகமா?" என்றான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை. சிரிப்பு நின்றதும் கயிற்றை அப்படியே தரையில் போட்டுவிட்டு இஞ்சினைக் கிளப்பப் போனான்.

காற்று தணிந்திருந்ததே தவிரக் கடல் தணியவில்லை. சுக்கான் அறையின் பலகையில் யோருன்னைக் கிடத்தி, காலை ஒரு மீன்பெட்டியின் மேல் தூக்கி வைத்தோம்.  நடுவில் ஒரு பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டது. அவள் கால் சரிந்து சுவரில் இடித்தது. அவள் அலறினாள்.

ஐலிஃப் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "கத்து. நல்லாக் கத்து. இத்தனை நாளும் வாயத் தைச்சுட்டுத்தான இருந்த."

"சாகப் போறேன்டா நான், அப்பவும் குத்திக் காட்டுவியா?"

"சாக மாட்ட. உன் வாய் இன்னும் வேலை செய்யுது."

மருத்துவ நிலையத்தில் இருந்த டாக்டர் வில்டெ இளம்பெண். படகு தள்ளுகிறவளைப் போன்ற தோள். யோருன் கட்டிலில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "ரம்பத்த எங்க வச்சிருக்கீங்க?"

டாக்டர் ஒரு கணம் விழித்தார். என்னைப் பார்த்தார். நான் பெடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் யோருன்னின் கைவிரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை இல்ல" என்றார். "பாதத்துல ரத்த ஓட்டம் நல்லாவே இருக்கு, இதோ நாடி துடிக்குது. விரல யாரும் எடுக்கப் போறதில்ல. நகத்தோட ஓரத்த மட்டும் எடுக்கணும். ஆனா கிருமி மேல ஏறியிருக்கு. காய்ச்சல் இறங்குற வரைக்கும் இங்கதான் இருக்கணும்."

"எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க."

"சரி, நம்ப வேண்டாம். பார்த்துக்கிட்டே இருங்க. நான் செய்யிற ஒவ்வொண்ணையும் சொல்லிட்டுச் செய்யிறேன்."

விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகிற ஊசி போட்டார். அந்த ஊசிதான் கொடுமை. யோருன் என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்த ஐலிஃப் எழுந்து வந்து வாசல் நிலையில் நின்றான். உள்ளே வரவில்லை. விரல் மரத்ததும் டாக்டர் நகத்தின் ஓரத்தில், நுனியிலிருந்து வேர் வரை, ஒரு மெல்லிய கீற்றை வெட்டி உருவினார். அந்தக் கீற்று மறுபடி முளைக்காமல் இருக்க வேர் இருந்த இடத்தில் ஏதோ மருந்தைத் தடவினார். பிதுங்கி நின்ற சதையைச் சுத்தம் செய்தார். அவ்வளவுதான். நான் பயந்துகொண்டு கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்.

உருவிய கீற்றைத் துணியில் வைத்துக் காட்டினார். தீக்குச்சியை விடக் கொஞ்சம் அகலம். ஒரு முனையில் கொக்கிபோல ஒரு முள்.

"நீங்க மூலைய ஒட்ட வெட்டும்போது இந்த முள் உள்ள தங்கிடுச்சு. ஒவ்வொரு தடவ வெட்டும்போதும் இன்னும் உள்ள போயிருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா வெந்நீர்ல ஊற வச்சு, மூலைக்குக் கீழ கொஞ்சம் பஞ்சு வச்சு, பூட்ஸ மாத்தியிருந்தாலே போதும்."

"இதுவா?" என்றாள் யோருன். "இந்தத் துணுக்கா?" பிறகு முகம் மாறிவிட்டது. "அப்ப எங்கப்பாவுக்கும் இதுதானா? இத எடுத்திருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கப்பாவ நான் பார்த்ததில்ல. ஒண்ணு கேக்குறேன். அவருக்கு அந்தப் புண் வலிச்சுதா?"

யோருன் யோசித்தாள். "இல்ல. வலிக்கவே இல்லன்னுதான் சொல்வாரு. அதைப் பார்த்துச் சிரிப்பாரு. நானும் சிரிப்பேன்."

"சர்க்கரை முத்திட்டா விரல்ல உணர்ச்சி செத்துப் போயிடும். ரத்தமும் போகாது. அதனாலதான் அவருக்கு வலிக்கல, அதனாலதான் ஆறல. உங்களுக்கு வலிச்சுது. உயிர் போற மாதிரி வலிச்சுது. உங்க விரல் உயிரோட இருக்கு."

யோருன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஐலிஃப் இல்லை. புயல் ஓய்ந்ததும் படகை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போய்விட்டான். காய்ச்சல் இறங்கியதும் அவளை நான்தான் பயணிகள் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கால் ஆறியது. தினமும் உப்புப்போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கட்டு மாற்றி, முன்பக்கம் திறந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, காலை உயர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பருவம் அவளுக்கு அதோடு போயிற்று.

ஊர்தான் நம்பவில்லை. கள்ளக்காதலன் என்றால் நம்பியவர்கள், நகம் என்றால் கண்ணடித்தார்கள். நகத்துக்காக எவளாவது புருஷனை அனுப்புவாளா என்று கேட்டார்கள். ஒரு நாள் அவள் நொண்டிக்கொண்டே கூடத்தின் காபி அறைக்கு வந்தாள். சீஸும் ரொட்டியும் பரப்பியிருந்த மேசைமேல் காலைத் தூக்கி வைத்துக் கட்டை அவிழ்த்தாள்.

"நல்லாப் பாருங்க. இதுதான் என் கள்ளப் புருஷன். சீவெர்ட், நீ கிட்ட வந்து பாரு, உன் பேரும் அடிபட்டுச்சே. உன்னவிட இவன் எவ்வளவோ தேவல, ராத்திரி பகல் கூடவே இருந்தான்."

சீவெர்ட் ரொட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். சிரித்தார்கள், நம்பினார்கள். அன்று சாயங்காலம் மீனுக்கு உப்புப் போடுகிற பெண்கள் இரண்டு பேர் அவளிடம் தனியாக வந்து, பூட்ஸைக் கழற்றித் தங்கள் விரலைக் காட்டினார்களாம். நகத்தை நேராக வெட்டு, மூலையைத் தோண்டாதே, நாளைக்கே டாக்டரிடம் போ என்று திட்டி அனுப்பியிருக்கிறாள்.

ஐலிஃப் மட்டும் வரவில்லை. அவன் நம்பாமல் இல்லை. கண்ணால் பார்த்தவன். நான் படகுத்துறைக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன்.

"வேற ஆளு இருந்திருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றான். "அவன் என்னவிட நல்லவன்னு நெனச்சுட்டுக் கிடந்திருப்பேன். வலிக்குதுன்னு ஒரு வார்த்த என்கிட்ட சொல்ல முடியல அவளுக்கு. அவ்வளவு வருஷம் கூட இருந்து, நான் அந்த அளவுக்குத்தான் ஆளு."

 அதை அப்படியே யோருன்னிடம் சொன்னேன்.  கேட்டதும் அவள் என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஈஸ்டருக்குப் பிறகு, வெட்டிய மீன்களையெல்லாம் சட்டங்களில் காயத் தொங்கவிட்டு முடித்த சமயம், ஐலிஃப் வீட்டுக்குப் போனான். தன் குறடைத் தேடி வந்தேன் என்று சொன்னானாம். அவள் அவனை மேசையில் உட்காரவைத்து, காபியை ஊற்றி, அப்பாவைப் பற்றி முதலிலிருந்து சொன்னாள். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நின்றது, ஒவ்வொரு முறையும் வீட்டில் நம்பியது, கடைசியில் அவரைப் படகில் ஏற்றப் பார்த்து முடியாமல் அம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டது. காபி ஆறிப்போகும்வரை சொன்னாள்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அவருக்கு எந்தக் காலு?"

"இடது."

அவள் அப்பாவைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. அவன் தலையாட்டினான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். காபி அறையில் யாராவது அந்த நகத்தை வைத்துக் கேலி பேசினால் யோருன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். அப்போது ஐலிஃப் மீன் இறக்க வந்திருந்தால், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். அவள் சிரிப்பு அந்த இடத்தில் நின்றுவிடும்.